பாலாற்று மணலில் ஒரு கம்ப்யூட்டர்

1978

மே 9, செவ்வாய்

கத்திரி வெயில். பத்து மணிக்கே, தறிக்கு அட்டை அடிக்கும் அறையில் உட்கார முடியவில்லை. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை. அன்னக்கரைச் சேலை ஆர்டர். இன்று 31 அட்டைதான் ஆயிற்று. துளை போடும் உளி மழுங்கிவிட்டது, சாணை பிடிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் இல்லை, இரண்டாவது நாள்.

மத்தியானம் மெட்ராஸிலிருந்து கடிதம். டெலிவிஷன்காரர். தை மாதம் தன் தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர். கடையில் டிசைன் காட்டப் போன நான், பேச்சுவாக்கில் ஒரு படத்தின் கதையை நடித்தே காட்டினேன். கடைச் சிப்பந்திகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கச் சிரிக்கத் துண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இப்போது எழுதுகிறார்: 'தாங்கள் சொன்னதை வைத்தே நகைச்சுவை நிகழ்ச்சி தயார் செய்துவிட்டோம். சனிக்கிழமை மாலை ஒளிபரப்பு. தங்கள் பெயரைப் போட இயலவில்லை.'

நான்கு தடவை படித்தேன். என் வாயிலிருந்து வந்தது டெலிவிஷனில் வரப்போகிறது. உள்ளுக்குள் குதித்தேன், பொய் சொல்வானேன்.

சரோஜாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்தப் படத்தை எடுத்தது அவள் அண்ணன்.

மே 10, புதன்

வெயில் அதே. அட்டை 22. உளி சாணைக்குப் போயிற்று.

சாயங்காலம் தயாளன் சைக்கிளில் வந்தான். மச்சான் ஆவதற்கு முன்பே என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அதனால் வா போ என்றுதான் பேச்சு. இப்போது போட்டோ ஸ்டூடியோ. சட்டையெல்லாம் வேர்வை, முகமெல்லாம் பல்.

"மாப்ளே, சனிக்கிழமை டெலிவிஷன்ல நம்ம படம் வருதாம்பா. அன்னிக்கு காமிரா பிடிச்சானே, அவன் மெட்ராஸ்லேர்ந்து ஆள் சொல்லி அனுப்பினான்."

"படமா வருது?" என்றேன்.

"படத்தைப் பத்தின்னு சொன்னானாம். ரெண்டும் ஒண்ணுதானே."

நெசவாளர் சங்கத்தில் பேசிவிட்டானாம். டெலிவிஷன் பெட்டியைக் கூடத்திலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்து வைப்பார்களாம். பிள்ளையார்பாளையம் முழுக்க வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். செவிலிமேட்டில் ஒரு தெரு முழுக்கச் சொல்லியாயிற்றாம், படத்தில் கூட்டமாக ஓடினவர்கள் அவர்கள்தானே. சரோஜா அண்ணனுக்கு மோர் கொடுத்தாள். இருந்த தண்ணீரில் பாதி அதற்கே போயிருக்கும்.

மூன்று வருஷமாக அவன் முன்னால் யாரும் அந்தப் படத்தின் பேரை எடுப்பதில்லை. இன்று அவனே வாசல் வாசலாக நின்று எடுக்கிறான். நான் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 11, வியாழன்

அட்டை 9. மனம் ஓடவில்லை. இரண்டு அட்டையில் தப்புத் துளை, தூக்கிப் போட்டேன்.

படம்: 'இரண்டாயிரத்தில் ஒரு குடம்'. கி.பி. 2000-ல் உலகத்தில் தண்ணீரே இல்லை. ஆளுக்கு மாதம் ஒரு குடம். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஒரு கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொல்லும். கதாநாயகன் அதை உடைப்பான். பாலாற்று மணலிலேயே பதினோரு நாளில் எடுத்து முடித்தது. டூரிங் டாக்கீஸில் நான்கு நாள் ஓடிற்று.

டெலிவிஷன்காரரிடம் நான் சொன்னவை, நினைவுக்கு வந்தவரை:

1. காவல் படையின் இரும்புத் தொப்பி, இட்லிக் குண்டான். ஒருவன் குனிந்தபோது உள்ளே ஒட்டியிருந்த பழைய மாவு தெரிந்தது.

2. துப்பாக்கி, மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் பம்ப்.

3. உலகமே வறண்டுபோன காட்சியில் பின்னால் ஒரு எருமை ஈரத்தோடு நடந்து போகும்.

4. கம்ப்யூட்டர்.

நான்காவது என் கைங்கரியம். தறிக்கு எந்த இழையைத் தூக்குவது என்று துளை போட்ட அட்டைதான் சொல்கிறது. கம்ப்யூட்டரும் துளை போட்ட அட்டையைப் பார்த்துத்தான் வேலை செய்யும் என்று தயாளன் எதிலோ படித்துவிட்டு ஓடி வந்தான். தறி மேல் வைக்கும் ஜக்கார்டு பெட்டியையும் அட்டைச் சரத்தையும் நான்தான் கொடுத்தேன். பின்னால் உட்கார்ந்து கயிற்றை இழுத்தவனும் நானே. விஞ்ஞானி அட்டையைத் தடவிப் பார்த்து, "இவனுக்குத் தண்ணீர் கிடையாது" என்பார். அட்டையில் இருந்தது மாங்காய்க் கரை.

"இது தறின்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுடுமா மாப்ளே?" என்று அன்றைக்குக் கேட்டான். தெரியாது என்றேன். மூன்று வீட்டுக்கு ஒரு தறி இருக்கும் ஊரில். டூரிங் டாக்கீஸில் அது லொடக் லொடக்கென்று ஆடியதும் ஒரு கிழவர், "டேய், எட்டாவது அட்டை மாறிப்போச்சுடா" என்று கத்தினார். கதாநாயகனின் தாய் தாகத்தில் சாகும் காட்சி அது. கொட்டகையே உருண்டது.

சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் தெரியாது என்றேனா? யோசிக்கிறேன். தெரிந்துதான்.

5. இதை எழுதக் கை வரவில்லை. நாளை.

மே 12, வெள்ளி

விடியற்காலை குழாய் வந்தது. வரிசையில் குடம் நாற்பதுக்கு மேல். "ஆளுக்கு ரெண்டுதான், ஆளுக்கு ரெண்டுதான்" என்று ஒரு அம்மாள் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். தயாளன் 2000-ல் நடக்கும் என்று எடுத்தது எங்கள் தெருமுனையில் நடக்கிறது. ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். இதை நினைத்தும் முதலில் வந்தது சிரிப்புதான். என் புத்தி அப்படி.

ஐந்தாவது. ஏழாம் நாள் ஷூட்டிங்கில் பிலிம் ரோல் தீர்ந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வர வேண்டும். கொஞ்ச நேரத்தில் தயாளனைக் காணோம். தேடிப் போனால் பனைமரத்துக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தான். விசும்பல் இல்லை. வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரோஜாகிட்ட சொல்லிடாதே" என்றான்.

சரோஜாவிடம் சொல்லவில்லை. டெலிவிஷன்காரரிடம் சொன்னேன். சொல்லவில்லை, நடித்துக் காட்டினேன். ஜவுளிக்கடைத் தூணையே பனைமரமாக வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து அழுது காட்டினேன். அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

சொல்லிவிடுவது என்று நான்கு மணிக்கு ஸ்டூடியோவுக்குப் போனேன். ஷோகேஸில் இருந்த கல்யாண போட்டோக்களை எடுத்துவிட்டுப் பட ஸ்டில்களை ஒட்டிக்கொண்டிருந்தான். இட்லிக் குண்டான் வீரர்கள் வரிசையாக. "ரெண்டாவது படத்துக்குக் கதை இருக்குதுபா. இது வந்து நாலு பேர் பார்த்தா போதும், கேக்கறதுக்கு ஆள் வரும்" என்றான். ஒரு ஸ்டில் கோணலாக இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

மே 13, சனி

காலையில் ஒரு தூறல், மண் நனையவில்லை. அட்டை ஒன்றும் இல்லை.

ஐந்தரைக்கே சங்கத்து வாசலில் கூட்டம். சின்ன காஞ்சிபுரத்திலிருந்துகூட ஆட்கள். பாய், பெஞ்சு, தரை. தயாளன் வெள்ளை முழுக்கைச் சட்டை, முன் வரிசை நாற்காலி. பக்கத்து நாற்காலியை எனக்கென்று பிடித்து வைத்திருந்தான். சரோஜா பெண்கள் பக்கம்.

முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் வந்தது. மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து "கொஞ்சம் இந்தாண்ட, இன்னும் கொஞ்சம்பா" என்று சத்தம். அம்மா காமாட்சி, இப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பளிச்சென்று தெளிந்துவிட்டது.

இரண்டு நடிகர்கள், தலையில் இட்லிக் குண்டான். வந்த முதல் நிமிஷமே சிரிப்பு. தயாளனும் புன்னகையோடுதான் இருந்தான், முன்னுரை போல இருக்கிறது, படம் பிறகு வரும் என்று நினைத்திருப்பான். பம்ப் வந்தது. எருமைக்கு ஒரு ஆள் கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தான். அட்டைப்பெட்டியில் ஒரு தறி செய்து வைத்திருந்தார்கள், அதன் முன்னால் ஒருவன் கைகட்டி, "சாமி, எனக்குக் குடம் உண்டா?" என்றான். "உனக்கு முந்தானைதான் உண்டு" என்றது தறி. அது நான் சொன்ன வரி. எழுத்துப் பிசகாமல். நானும் சிரித்துவிட்டேன். நினைப்பதற்கு முன்னால் வாய் திறந்துகொண்டது.

தயாளன் சிரிப்பை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. கைகளை முழங்காலில் வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நேராக உட்கார்ந்திருந்தான்.

பிறகு டைரக்டர் வேஷத்தில் ஒருவன். காலி ரோல் டப்பாவைத் திறந்து பார்த்தான். ஒரு தூணுக்குப் பின்னால் போனான். வாயைத் திறந்துகொண்டு அழுதான்.

சங்கத்து வாசல் அதிர்ந்தது. பெண்கள் பக்கமும். சரோஜாகூடச் சிரித்தாள், அவளுக்கு என்ன தெரியும். அவ்வளவு பேரில், தயாளனை விட்டால், சிரிக்காமல் இருந்தது நான் ஒருவன். தயாளன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். டெலிவிஷனைப் பார்க்கவில்லை, என்னைத்தான்.

முடிந்ததும் எழுந்து, "வரேன் மாப்ளே" என்றான். சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான்.

மே 14, ஞாயிறு

புழுக்கம்.

சரோஜா காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். "எவன் எழுதிக் குடுத்தானோ, அவன் வீட்டுல இப்படி ஒருத்தரும் இல்லியா? நானும் கூடச் சிரிச்சுட்டேனே. அண்ணன் இன்னா நெனச்சிருக்கும்?" எனக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். சாப்பிட்டேன்.

கடைத்தெருவில் என்னைப் பார்த்து ஒருவர், "மச்சான் அழுததைப் பார்த்தியா" என்றார். மச்சான் அழவில்லை, நடிகன் அழுதான் என்றேன். என்னமோ பெரிய நியாயம் பேசினவன் போல.

மற்றவர்களைச் சிரிக்க வைக்கும்போது ஒரு சூடு ஏறுகிறது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று எதிரில் இருப்பவர் முகம் கேட்கும். கையில் இருப்பதையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அன்றைக்குக் கடைசியாகக் கையில் இருந்தது தயாளனின் அழுகை. வெட்கமாக இருக்கிறது.

மே 15, திங்கள்

அட்டை 14. உளி வந்துவிட்டது.

தயாளன் ஆள் அனுப்பினான், ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று. அவன் எழுத்து அவனுக்கே புரியாது. ஸ்கூல் நாளிலிருந்து அவன் கடிதமெல்லாம் என் கையெழுத்துதான். போனேன். ஷோகேஸில் மறுபடி கல்யாண போட்டோக்கள். பேப்பரைத் தள்ளிவைத்து, நின்றுகொண்டே சொன்னான். நான் எழுதினேன்.

"ஐயா, நிகழ்ச்சி பார்த்தேன். குண்டான் நல்லா இருந்துது. எருமை நான் கவனிக்காதது, நீங்க கவனிச்சிருக்கீங்க. கம்ப்யூட்டர்ல எனக்கு வருத்தமில்ல. ஒண்ணே ஒண்ணு தப்பா இருக்குது. ரோல் தீர்ந்ததுக்கு நான் அழல."

பேனா நின்றுவிட்டது. "எழுதுபா" என்றான்.

"ரோல் தீர்ந்ததும் அத்தினி பேரும் நிழலுக்குப் போயிட்டாங்க. இதோட படம் அவ்ளோதான்னு அவங்களுக்குள்ள பேசிக்கினு போனாங்க. ஒருத்தன் மட்டும் வெயில்ல உட்கார்ந்துக்கினு, தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து அந்தக் கம்ப்யூட்டர் மேல போட்டு மூடிக்கினு இருந்தான். மண்டைய வெயில்ல காட்டிக்கினு. நம்ம படத்த நம்பறவன் ஒருத்தன் இருக்கானேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் மரத்துக்குப் பின்னால போனேன். இப்படிக்கு."

கையெழுத்துப் போட்டான். உறையை நீட்டினான்.

"யார் பேருக்கு?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியும். நீயே போடு."

என் பேர், என் தெரு, என் கதவு எண். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டினான். "மச்சான்" என்றேன். "பாஸ்போர்ட் சைஸுக்கு ஆள் வந்திருக்காங்க, அப்பறம் பேசலாம்" என்று உள்ளே போய்விட்டான். போகும்போது உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மே 17, புதன்

மேகம். மழை இல்லை. அட்டை 26.

தபால் பதினொரு மணிக்கு. நான் எழுந்திருப்பதற்குள் சரோஜா வாங்கிவிட்டாள். "இன்னாங்க இது, உங்களுக்கு உங்க கையெழுத்துலயே லெட்டர் வந்திருக்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் பிரித்தாள்.

நின்றபடியே படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து. பிறகு எல்லாவற்றையும் நானே சொன்னேன். கடை, தூண், டெலிவிஷன்காரர், ஒன்று விடாமல்.

"அழுது காட்டினீங்களா?"

"ஆமாம்."

மத்தியானம் முழுக்க வீட்டு வேலை. அரிசி களைந்தாள், களைந்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினாள், துணி மடித்தாள். நாலு மணிக்கு அட்டை அறைக்கு வந்து கடிதத்தை என் முன்னால் வைத்தாள். தறி வீட்டுப் பெண், அட்டைச் சரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வெயில் பட்டா அட்டை வளைஞ்சுடும்னுதானே துண்டைப் போட்டீங்க?"

"ஆமாம்."

"படத்துக்காக இல்ல."

"இல்லை. மாங்காய்க் கரை, அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய ஆர்டர்."

அவள் அண்ணனும் அதே தறி வீட்டில் பிறந்தவன்தான், அவனுக்கு இது தோன்றியிருக்காதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

"இத மட்டும் அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

சரி என்றேன்.