விசுவமடு முற்றத்தில் இறக்கிய எஞ்சின்

என் யோகன் மச்சானுக்கு,

உன் முப்பத்தோராம் நாளுக்கு நான் வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்து உன் கால்மாட்டில் விழுந்து அழுத நஸார், பிறகு ஏன் எட்டியும் பார்க்கவில்லை என்று ஊரில் பலர் கேட்கிறார்கள். புத்தளத்தில் கடையைப் பூட்ட முடியவில்லை என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் உண்மையை எழுதுகிறேன். மற்றவர்கள் காதில் விழுந்தாலும் விழட்டும்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லி இயக்கம் அறிவித்த அன்று, நீ சைக்கிளை மிதித்துக்கொண்டு நீராவிப்பிட்டிக்கு வந்தாய். உம்மா உடுப்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்தா. வாப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கொழும்பை விட்டுப் போன வெள்ளைக்காரன் ஒருவனிடம் வாங்கிய கார் அது. இரண்டே கதவு, கட்டில்போல அகலமான முன்மூடி, இடப்பக்கம் ஸ்டியரிங், எட்டுச் சிலிண்டர். ஊரில் அதற்குப் பெயரே ‘அமெரிக்கன்’தான். எங்கள் ஆட்களின் கலியாணத்துக்கும் உங்கள் ஆட்களின் கலியாணத்துக்கும் மாப்பிள்ளை அதில்தான் போனார். நீயும் நானும் வண்டி ஓட்டப் பழகியதும் அதில்தான். என்னைவிட நீ நன்றாக ஓட்டுகிறாய் என்று வாப்பா சொல்ல, எனக்குக் கோபம் வந்தது நினைவிருக்கிறதா?

“நாங்கள் வரும்வரைக்கும் பார்த்துக்கொள் மகன்” என்று சாவியை உன் கையில் வைத்தார். நீ அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாய்.

வாப்பா புத்தளத்து முகாமில், ஓலைக் கொட்டிலில்தான் மௌத்தானார். கடைசிவரை யாரைக் கண்டாலும், “ஊரில அமெரிக்கன் யோகனிட்ட இருக்கு” என்பார். வீடு போனது, வயல் போனது, கடை போனது. அந்த ஒன்று மட்டும் போகவில்லை என்பது அவருக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

சண்டை நின்று பாதை திறந்ததும் முதல் ஆளாக உன்னிடம்தான் வந்தேன். விசுவமடுவில் உன் வீட்டைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆயிற்று. நீ என்னைக் கட்டிப்பிடித்து விம்மி அழுதாய். நானும் அழுதேன். பிறகு மூடியிருந்த கிடுகு ஓலையை விலக்கிக் காரைக் காட்டினாய். சில்லு இல்லை, கண்ணாடி இல்லை, ஆசனத்துக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ஆனாலும் கார் இருந்தது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாய் என்று உன் மனைவி மலர் சொன்னபோது, உன்னைப்போல ஒரு மனிதன் உண்டா என்று நினைத்தேன்.

முன்மூடியைத் திறந்தேன். உள்ளே வெறும் பள்ளம்.

“எஞ்சின் எங்கையடா?”

“கிளிநொச்சியால வெளிக்கிடேக்கை ஆரோ கழட்டிக்கொண்டு போட்டாங்கள், மச்சான். நாங்கள் திரும்பி வாறதுக்குள்ளை போட்டுது.” நீ முன்மூடியை இறக்கினாய். “அம்மாணை, தேடாத இடமில்லை.”

நீ கேளாமலே சத்தியம் செய்தாய். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

இரண்டு வருடம் அந்தக் காரைத் திருத்தினோம். மாதத்துக்கொரு முறை நான் புத்தளத்தில் இருந்து வருவேன். சோதனைச் சாவடியில் என் பையைக் கிண்டி, கதவுப் பிடியையும் லைட்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆமிக்காரன் சிரிப்பான். நீ எண்ணெய்ப் பீப்பாவை வெட்டித் தட்டி, துருப்பிடித்த அடித்தட்டுக்கு ஒட்டுப் போட்டாய். நான் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாள் தேய்த்தேன். விரல் தோல் உரிந்துவிடும். மலர் தேசிக்காயையும் சாம்பலையும் கொண்டுவந்து வைப்பா, முன் பம்பரை மினுக்க. எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவா. லொறிக் கண்ணாடியை வெட்டிப் பொருத்தும்போது இரண்டு முறை உடைந்தது. மூன்றாம் முறை சரியாக உட்கார்ந்ததும் நீ முற்றத்தில் துள்ளி ஆடினாய். அந்தச் சிரிப்பும் பொய்யா, யோகன்?

கொழும்பில் நான் ஏறி இறங்காத பழைய சாமான் கடை இல்லை. வன்னியிலும் போகிற இடமெல்லாம் விசாரித்தேன். ஒருமுறை, “புளியங்குளத்தில இறங்கிக் கேட்டுப் பாக்கட்டே?” என்றேன். நீ தேய்ப்பதை நிறுத்தாமலே, “அங்கை என்னடா இருக்கு? எல்லாம் உடைஞ்சு போய்க் கிடக்கு. வீணா அலையாதை” என்றாய். நானும் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் உடைந்த லொறி ஒன்றின் டீசல் எஞ்சினைப் பொருத்தினோம். சிவப்புப் பெயின்ற் காய முதலே ஓட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனோம். சத்தம் உழவு மெசின் மாதிரி. பெடியள் பின்னால் ஓடிவந்து கூவினார்கள். “சொந்த எஞ்சின் கிடைச்ச உடனை மாத்துவம்” என்று என் தோளில் தட்டினாய். உனக்கு அது கிடக்கிற இடம் தெரியும். தெரிந்துகொண்டே தட்டினாய்.

உன்னை எரித்துவிட்டுத் திரும்பிய அன்று, பஸ் புளியங்குளத்தில் தேத்தண்ணிக்கு நின்றது. பக்கத்தில் ஒரு அரிசி மில். வாசலில் நின்ற முதலாளியிடம் பழக்க தோசத்தில் கேட்டேன்.

“பழைய அமெரிக்கன் கார் எஞ்சின் எங்கையும் பாத்திருக்கிறீங்களா?”

“பின்னாலை ஒண்டு கிடக்குது. எட்டுச் சிலிண்டர். இப்ப பழுது. வாங்கோ காட்டுறன்.”

கோழி எச்சத்துக்கும் உமிக்கும் நடுவில் கிடந்தது. நான் குந்தியிருந்து கையால் துடைத்தேன். வாப்பா எந்தச் சாமான் வாங்கினாலும் பிஸ்மிக்குப் பதிலாக உளியால் 786 என்று வெட்டி வைப்பாரே, அது தெளிவாகத் தெரிந்தது.

“இது எப்படி உங்களிட்ட வந்தது?”

“சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து உடையார்கட்டில மில் போட்டிருந்தனாங்கள். விசுவமடு யோகன் தந்தவர். நெல்லுக்கு மாத்தினது. மண்ணெண்ணெயில விட்டு நல்லா ஓட்டினனாங்கள். பெற்றோல் எங்கை கிடந்தது அப்ப? ஏன் தம்பி, தெரிஞ்ச ஆளே?”

“ஓம்” என்றேன். “தெரிஞ்ச ஆள்.”

பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான் ஒரு உழவு மெசின் பிடித்து, அந்த இரும்பை ஏற்றிக்கொண்டு, மாங்குளம் வழியாகத் திரும்பவும் விசுவமடுவுக்குப் போனேன். உன் வீட்டில் இன்னும் பந்தல் கழற்றவில்லை. படலைக்குள் கொண்டுபோய் முற்றத்தின் நடுவில் இறக்கினோம். மலர் வெளியே வந்தா. அது என்ன என்று கேட்கவில்லை. யாருடையது என்றும் கேட்கவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“நீங்களும் தெரிஞ்சுகொண்டுதான் தேசிக்காய் வெட்டித் தந்தீங்களா, தங்கச்சி?”

அவா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. அவவுக்குப் பதிலாக நானே ஒரு காரணம் தேடிக் கொடுத்தேன். அதற்காக இப்போதும் என்மேல் எனக்கு வெட்கம் வருகிறது.

“பிள்ளையள் பசி எண்டு அழுதிருக்கும். அதுதானே?”

“இல்லை நானா.” அவா நிமிர்ந்து பார்த்தா. “பசி எண்டு சொன்னா நீங்கள் மன்னிச்சிடுவீங்கள். ஆனா அப்பிடி இல்லை. அந்த வருசம் எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. காணி துப்பரவாக்கி விதைக்க நெல் தேவைப்பட்டது. ‘நஸார் ஆக்கள் இனி வரமாட்டினம், மலர். வைச்சிருந்து என்ன செய்யிறது’ எண்டு சொல்லித்தான் கழட்டினவர்.”

எஞ்சின் போனதை நான் தாங்கியிருப்பேன், மச்சான். நீ பொய் சொன்னதையும் ஒருவேளை தாங்கியிருப்பேன். ஆனால் வாப்பா ஓலைக் கொட்டிலில் கிடந்து உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், நாங்கள் இனி இல்லை என்று நீ முடிவெடுத்துவிட்டாய். எங்களைப் போகச் சொன்னவர்கள்கூட வாயால்தான் சொன்னார்கள். நீ மனதுக்குள் எங்களை அனுப்பிவிட்டு, நெல் விதைத்து அறுத்தும் இருக்கிறாய்.

அப்படியென்றால் அந்த வெறும் கூட்டை ஏன் ஊர் ஊராக இழுத்தாய்? நான் படலைக்குள் வந்த அன்று அழுதது என்னைக் கண்ட சந்தோசத்திலா, பயத்திலா? இரண்டு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், “நான்தான் கொடுத்தனான்” என்று சொல்லியிருந்தால், நான் ஏசியிருப்பேன், அடித்தும் இருப்பேன். பிறகு அந்த முற்றத்திலேயே உன்னோடு இருந்து சோறு தின்றிருப்பேன். அதைக்கூட என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாயே.

“காரைக் கொண்டு போங்கோ நானா” என்றா மலர். எஞ்சினை முற்றத்திலேயே விட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் மூத்தவள் படலையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, எப்ப வருவீங்கள்?” என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என்ன பிழை செய்தாள்?

இங்கே நீராவிப்பிட்டியில் எங்கள் வீட்டின் நான்கு சுவரும் பிழைத்துக் கிடந்தன. பற்றை வெட்டி, கிணறு இறைத்து, போன கிழமை கூரைக்கு மரம் ஏற்றினேன். கடையை விற்றுவிட்டு வந்துவிடலாம் என்று என் மனைவியும் ஒத்துக்கொண்டுவிட்டா. சண்டை திரும்பவும் வரும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வரட்டும். இந்த முறை சாவியை ஒருவரிடமும் கொடுக்கமாட்டேன்.

கிளிநொச்சிக்குப் போவதென்றால் உன் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. இதுவரைக்கும் நிற்காமல்தான் போகிறேன். நேற்றுப் போகும்போது கால் தானாகப் பிறேக்கில் போனது. பிறகு எடுத்துவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். உன் மகள் கேட்டதற்கு ஒரு நாள் பதில் சொல்வேன். அந்தப் படலையில் நிறுத்தி இறங்கி, “வந்திட்டன் மகள்” என்பேன். எப்போது என்று கேட்காதே. ஆனால் வருவேன். நாங்கள் வருகிற ஆட்கள், யோகன்.

வரமாட்டான் என்று நீ நினைத்த உன் மச்சான்,
நஸார்