வலைக்குப் பின்னால், இடப்பக்கம்

ஓரெஸ்ட்,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

நீ அனுப்பிய பூக்களை நர்ஸிடமே கொடுத்துவிட்டேன். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். சூப்பை உறிஞ்சித்தான் குடிக்கிறேன். இடது கண்ணைப் பற்றிக் கேட்காதே.

அன்றைய ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் உங்கள் ஆள் ஒருவன் தப்பாட்டம் ஆடி வெளியே தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்தான். பனித்தளத்தில் நாங்கள் ஐந்து பேர், நீங்கள் நான்கு பேர். வட்டை எங்களுக்குள்ளேயே கைமாற்றி உங்களை அலைக்கழித்தோம். கடைசியில் நான் அடித்தேன், வட்டு உங்கள் கோல் வலைக்குள் போனது. அதற்குப் பிறகுதான் உன் மட்டை என் முகத்தில் இறங்கியது. என் பற்கள் பனியில் கிடந்தன. உன் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று, "இன்னொண்ணு போடுடா அவனுக்கு!" என்று கத்தினார்கள்.

நேற்று எங்கள் கோச் வந்தார்.

"சின்ன வயசுலேருந்து அவன்கூட ஆடினவன்தானே நீ? எதிர்ல வர்றவனப் பாக்காம எங்கடா தலையக் குனிவான்?"

வாய் திறக்க முடியாததால் எழுதிக் காட்டினேன்: வலைக்குப் பின்னால், இடப்பக்கம் திரும்பும்போது.

"சனிக்கிழமை ஆட்டத்துல அவன ஸ்ட்ரெச்சர்லதான் தூக்கிட்டுப் போவாங்க. நீ நிம்மதியாத் தூங்கு" என்றார்.

தூக்கம் வரவில்லை. உங்கள் பண்ணைக் குட்டை உறைந்ததும் அதில் ஆடுவோமே, அங்கேயும் நீ அப்படித்தான் திரும்புவாய். "தலையத் தூக்குடா, எருமை!" என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் கத்துவேன். சனிக்கிழமை கத்துவதற்கு நான் அங்கே இருக்க மாட்டேன்.

தலையைத் தூக்கியே ஆடு. உன்னை உடைக்க வேண்டியவன் நான்தான். அதுவரை முழுசாக இரு.

இப்படிக்கு,
உன் பழைய இடப்பக்கத்து ஆள்