நீ திறக்கவிடாத பெட்டி

அண்ணே,

நேற்றிலிருந்து வீட்டை விட்டு அந்துருண்டை வாசம் போகவில்லை. மதினி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சேலையிலிருந்து வருகிறது. என் வீட்டுக்காரர் இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி என்று நீ எடுத்துவந்த சேலைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாசலோடு நான் திருப்பி அனுப்பியது.

உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்று சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது. இது பேச்சில்லை, எழுத்து. அதனால் என் வாக்கு கெட்டுவிடவில்லை.

உன் முப்பதாம் நாள் காரியம் முடிந்த நாலாம் நாள், அதாவது நேற்று, மதினி சாயல்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி நயினார்கோவில் வந்து இறங்கினார். நான் முற்றத்தில் மிளகாய் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் கழுத்தும் இப்போது என் கழுத்தைப் போலத்தான் இருக்கிறது. உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் பையைப் பிரித்தார்.

"அண்ணனும் தங்கச்சியும் நல்லா வெளாண்டீக. நடுவுல நான் சேலக்கடக்காரியாட்டம் இதத் தூக்கிக்கிட்டுத் திரியிறேன். இந்தா, புடி."

நான் பிடிக்கவில்லை. கட்டிலில் வைத்தார்.

சவூதியில் என் பிள்ளை வேலை பார்த்த கிடங்கில் தீப்பிடித்து, பெட்டியில் அவன் வந்த அன்றைக்கு நீதான் விமான நிலையம் போய் வாங்கிவந்தாய். உச்சி வெயில். ஊரே கூடி நிற்கிறது. என் வீட்டுக்காரர் மரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். திறங்கள் என்று நான் சொன்னேன். நீ பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாய்.

"தொறக்கக் கூடாது."

"நீயா பெத்த?"

"இல்லத்தா. நான் பெறல. ஆனா தொறக்க விடமாட்டேன்."

"உள்ள கல்ல வச்சுக் கொண்டாந்தியா?"

"அப்படியே வச்சுக்க. என்னய வையி. எம்புட்டு வேணும்னாலும் வையி."

வைதேன். பெட்டி குழிக்குள் இறங்கும் வரைக்கும் வைதேன். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. அன்றைக்கு நான் அழவில்லை. யாரை நினைத்து அழுவது? பெட்டிக்குள் இருந்தது என் பிள்ளைதான் என்று எனக்கு யார் காட்டினார்கள்?

பெட்டியோடு வந்த காகிதத்தை ஆண்கள் மட்டும் கைமாற்றிப் பார்த்துக்கொண்டீர்கள். நானே படிக்கிறேன் என்று, அவனுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவைத்து எழுத்துக் கூட்டப் பழகினேன். ஒன்றரை வருஷம் ஆனது. பிறகு காகிதத்தை எடுத்தால் ஒரு பக்கம் அரபு, மறு பக்கம் இங்கிலீஷ். என் தமிழுக்கு அதில் வேலையே இல்லை. அதற்கும் உன்னைத்தான் மனதுக்குள் வைதேன்.

அவன் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றேன். கல்யாணம் காதுகுத்து எதற்கும் போகவில்லை. பெட்டியில் இருந்தது அவன் இல்லை, எங்கேயோ இருக்கிறான், எனக்குத்தான் போன் பண்ணவில்லை என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டால் சாப்பாடு இறங்கியது. களை எடுக்கப் போக முடிந்தது. அதற்கு உன் மேல் கோபம் தேவைப்பட்டது. நீ திறக்கவிடாததால்தானே அவன் உயிரோடு இருந்தான்.

உன் கேதத்துக்கு வந்தேன். வாய்க்கரிசி போட்டேன். கண் கலங்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கல்நெஞ்சக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும்.

நேற்று மதினி கிளம்பும்போதுதான் அதைச் சொன்னார்.

"அன்னிக்குப் பெட்டியோட வார வழியில உங்கண்ணன் டீக்கடையில வண்டிய நிப்பாட்டச் சொல்லிருக்காரு. டிரைவர டீ குடிக்க அனுப்பிட்டு, மூடி ஆணிய நெம்பித் தொறந்துட்டாரு. மொகம்னு ஒண்ணும் இல்லயாம். ஒரு கை மட்டும் முழுசா இருந்துச்சாம். டிரைவர் வார வரைக்கும் அதப் புடிச்சுக்கிட்டே உக்காந்துருந்தாராம். நம்ம பயதான்னு அந்தக் கையிலயே தெரிஞ்சுபோச்சுன்னாரு."

"இத்தன வருசம் ஏன் சொல்லல?"

"எங்கிட்டயே சாகுறதுக்கு ரெண்டு நா முன்னாலதான் சொன்னாரு. 'அவ என்னய வஞ்சுக்கிட்டாவது இருக்கட்டும், அதக் கெடுத்துறாத'ன்னாரு. எனக்குத்தான் தாங்கல."

நான் மிளகாயைக் கிண்டினேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை. நெடிக்குக்கூட வரவில்லை. உன் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. துக்கம் வரும் என்று இரவெல்லாம் காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. அவன் எங்கேயோ இருக்கிறான் என்ற நினைப்பு மட்டும் போய்விட்டது. நான் பிடித்துவைக்கவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நீ செய்தது சரி என்று எழுதமாட்டேன். மற்றதையெல்லாம் துணியால் மூடிவிட்டு அந்தக் கையை மட்டுமாவது எனக்குக் காட்டியிருக்கலாம். பெற்றவளுக்கு அது போதும். உனக்கு அது தோன்றவில்லை. சேலையை நான் கட்டப்போவதில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை.

மதினி பஸ் ஏறுகிற நேரத்தில் கேட்டேன். "எந்தக் கை?"

"கைன்னுதான் சொன்னாரு. எந்தக் கைன்னு யாரு கேப்பா?" என்றார்.

நான் கேட்பேன், அண்ணே. இந்தப் பதினோரு வருஷத்தில் உன்னிடம் கேட்க எனக்கு இருக்கிற ஒரே கேள்வி அதுதான். நீ போன முப்பத்து நாலாம் நாள்தான் அது எனக்கு வந்திருக்கிறது.