கணவாய் ஏறிய வேன்

கொரோய்க்கோ

அன்புள்ள தம்பி ருபெர்தோவுக்கு,

அக்கா விசென்டா எழுதுகிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். போனில் நான் அழுததைக் கேட்டு நீ எதையாவது நினைத்திருப்பாய், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. இந்த எல் ஆல்டோ உயரத்துக் காற்று இனி இவருக்குப் போதாது, உடனே பள்ளத்தாக்குக்கு இறக்குங்கள் என்றார் டாக்டர். இறங்குவதற்கு முன்னால் கும்ப்ரே கணவாயை ஏறித்தானே ஆகவேண்டும்! பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். உன் அத்தான் ரெமிஹியோவின் பழைய வேனில் அப்பாவைப் படுக்கவைத்தோம்.

அது கீழே தாழ்வான சமவெளியில் ஓடிய வண்டி. கார்புரேட்டரும் அந்தக் காற்றுக்கு வைத்ததுதான். "மேல போகப்போகக் காத்து குறையும், பெட்ரோல் மட்டும் அதே அளவு வரும். சரியா எரியாம மூச்சு முட்டி நிக்கும். பெட்ரோல் வர்ற ஜெட்டைச் சின்னதா மாத்திட்டுப் போங்க" என்றார் மெக்கானிக். அதற்கெல்லாம் பொழுது ஏது? கிளம்பிவிட்டோம்.

ஏற்றத்தில் வண்டி கரும்புகை கக்கியது. முதல் கியரிலும் நகரவில்லை. "பாவம்யா மாப்ள, இதுக்கும் என் வியாதிதான்" என்று அப்பா சிரித்தார். ரெமிஹியோ அழுதுவிட்டார். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தும் பாரம் இழுக்கவில்லை. நான் மூட்டைகளோடு இறங்கிக்கொண்டேன். வேன் ஊர்ந்து ஊர்ந்து வளைவில் மறைந்தது.

பனித்தூறலில் சுமையோடு ஏறினேன். அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டேனோ என்ற நினைப்புத்தான் வழியெல்லாம். உச்சியில் வேன் நின்றிருந்தது. அப்பா கணவாய் வழக்கப்படி ஜன்னல் வழியாகப் பூமித்தாய்க்குச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்! "ஏம்மா, வழியில யாரோட கதை பேசிட்டிருந்த?" என்றார். அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

கொரோய்க்கோவை நோக்கி இறங்க இறங்க எஞ்சின் சீரானது. அப்பாவுக்கும் உதட்டில் நிறம் வந்தது. இப்போது வாழைப்பழம் சாப்பிடுகிறார், நாங்கள் தங்கியிருக்கும் இடத்தில் பக்கத்து அறைக்காரரோடு சண்டைகூடப் போடுகிறார்.

ஆனால் இதயம் வீங்கிவிட்டதாம். இனி இவர் மேலே ஏறவே கூடாது என்கிறார் இங்குள்ள டாக்டர். அப்பாவிடம் இதை நாங்கள் சொல்லவில்லை. "உருளைக்கிழங்கு தோண்டற நேரத்துக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்று அவர்தான் தினமும் சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தம்பி, நீ வேலைபார்க்கும் தையல் கூடத்தில் விடுப்புக் கேள். கொடுக்காவிட்டாலும் வா. எல் ஆல்டோ வீட்டில் பையை வைக்கக்கூட நிற்காதே, நேரே இங்கே இறங்கி வா. ஆண்டவர் உனக்கு வழித்துணையாக வரட்டும். சாப்பிட உட்கார்ந்தால் உனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்கிறார் அப்பா. வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
விசென்டா