ஓவர்லாக் மெஷினும் நர்சிங் ஃபீஸும்

ஜூலை 7, திங்கள்
ஸ்ரீரங்கம் முழுக்கக் காற்று. கொடியில் போட்ட புடவை பக்கத்து மாடியில். ஆன்லைன் ஏலத்தில் பழைய ஓவர்லாக் மெஷின் எனக்கே விழுந்தது. இனி ஓரம் அடிக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு உறையூர் பஸ் ஏற வேண்டாம். விற்பவள் செல்வி, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"அக்கா, பணத்த என் அக்கவுண்ட்ல போடாதீங்க. கையிலயும் வேணாம். ஒரு நர்சிங் காலேஜ் பேரு அனுப்பறேன். என் பொண்ணு பேருல ஃபீஸா கட்டிடுங்க."

ஏன் என்றேன். அப்புறம் சொல்றேங்க என்று வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் காலேஜ் பெயரும் பெண்ணின் பெயரும் மெசேஜில் வந்தன.

ஜூலை 8
சரியாகத் தூக்கமில்லை. என் வீட்டுக்காரர், "ஏமாத்து வேலை. கம்ப்ளெய்ன்ட் குடு." ஏலத் தளத்தின் விதியும் அதுதான்: பதிவு செய்த அக்கவுண்ட்டுக்கு மட்டும் பணம், வேறு எங்கே கட்டினாலும் பொறுப்பில்லை. மதியம் புகார் அனுப்பினேன். மாடி வீட்டு ரவிக்கைக்கு ஹூக் பாக்கி.

ஜூலை 10
செல்வி போன் அணைந்தே கிடக்கிறது. தெரியாத நம்பரிலிருந்து அவள் கணவர். அவள் எடுக்காததால், அவள் கொடுத்திருந்த இரண்டாவது நம்பரில் தளத்துக்காரர்கள் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"எந்த மெஷினுங்க? எங்க வீட்டு மெஷினா?"

என் புகாரால் வந்தது. ஆமாம் என்றேன். காலேஜ் பேச்சை எடுக்கவில்லை.

"சரி, வித்தது வித்ததா இருக்கட்டும். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கங்க. பணத்த அக்கவுண்ட்ல போட்டுடுங்க."

விதிப்படி இதுதான் சரி. பின் ஏன் புகார் கொடுத்தது தப்பாகப் படுகிறது?

ஜூலை 13, ஞாயிறு
பொன்மலை. நல்ல வெயில். முரட்டு ஆளாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். உட்காரச் சொல்லி, காபி கொடுக்கச் சொல்லி, மெஷினைக் கட்டக் கயிறு தேடிப் போனார். செல்வி டம்ளரை வாங்குகிற சாக்கில் குனிந்து:

"தையில பொண்ணுக்குக் கல்யாணம்னு முடிவு பண்ணிட்டாருங்க. அவ படிக்கணுங்கறா. அக்கவுண்ட் ரெண்டு பேருக்கும் பொது. போட்டா கல்யாணச் செலவுக்கு எடுத்துடுவாரு. நான் தச்சு வாங்குன மெஷினுங்க அது."

ஆட்டோவில் ஏற்றியதும் அவர் என்னிடம், "ஏன் விக்கறேன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. உங்ககிட்டயாவது சொன்னாளா?"

இல்லை என்றேன்.

ஜூலை 14
மெஷின் கூடத்தில், போர்வைக்குள். இன்னும் தொடவில்லை. வீட்டுக்காரர், "அந்த ஆளுக்குப் போட்டுட்டு வேலையப் பாரு." காலேஜுக்குப் போய்க் கட்டிவிட்டேன். சரியா, தப்பா? ரசீதை செல்விக்கு அனுப்பினேன்.

ஜூலை 16
தூறல். பணம் வராததால் என் கணக்கை முடக்கியிருப்பதாகத் தளத்திலிருந்து தகவல். அப்புறம் செல்வியின் கணவர்.

"பணம் வரலீங்களே."

"கட்டிட்டேங்க."

"எங்க?"

அந்தப் பக்கம் மிக்ஸி சத்தம். நின்றது.

"எந்தக் காலேஜுன்னு மட்டும் சொல்லுங்க."

காலேஜ் என்று நான் வாயே திறக்கவில்லை. செல்வி சொல்லிவிட்டாளா? கோபமா, வேறு ஏதாவதா, குரலில் பிடிபடவில்லை. பெயரைச் சொன்னேன்.

"நல்ல காலேஜுங்களா அது?" என்றார்.