மாலத்தீவுக்குக் கட்டிய பெட்டி

குலசேகரம்
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து

என் பொன்னு மகள் பெமிலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், கேட்க எனக்குக் கை வரவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அனுப்புகிற செய்தி எதையும் நீ பார்த்த மாதிரியும் தெரியவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அங்கே உன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஜினி லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறாள், வியாழக்கிழமை திரும்பிப் போகிறாள், இதை உன் கையிலேயே கொடுக்கும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன். படிக்க மனம் இல்லாவிட்டால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள், என்றைக்காவது படி.

இங்கே விடாத மழை. ரப்பர் பால் வெட்டு நின்று போயிற்று, ஆனாலும் அப்பா விடியுமுன் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடி வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். நேற்று என்மேல் எரிந்து விழுந்தார், "அவளே வராண்டாம்னு சொல்லியாச்சு, பொறவு எதுக்கு அந்தப் பெட்டியையே பாத்துட்டு இருக்க" என்று. பிறகு அவரே போய் அதன்மேல் ஒரு போர்வையை விரித்து மூடிவிட்டு வந்தார். மூடினால் மட்டும் கண்ணில் படாமலா இருக்கும்.

அந்தப் பெட்டி கட்டிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஏழாம் மாதத்தில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதுதானே நம் வழக்கம். ஆறாம் மாதத்திலேயே உதிரம் கண்டு, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் நீ போனில் அழுதாயே, அன்றைக்கே நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர திருவனந்தபுரத்துக்கு அப்பால் நான் எங்கே போனேன். நம் சபையில் ஞானம் சார் இருக்கிறார் இல்லையா, அங்கே ஒரு தீவில் வெகுகாலம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி பாடம் படித்தேன். விமானம் இறங்குவது ஒரு தீவு, மாலே வேறு தீவு, நீ இருப்பது இன்னொரு தீவு, அதற்கு வேகப் படகில் ஏறவேண்டும், அலை அடித்தால் பின்பக்கம் உட்காரவேண்டும். வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். முழங்கை மூட ஜாக்கெட் போட வேண்டும். கரையில் கிடக்கிற பவளக்கல்லை ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு வரக்கூடாது. நன்றி சொல்ல ஷுகுரிய்யா என்று சொல்ல வேண்டும், அதை அடுக்களையில் சொல்லிச் சொல்லிப் பழகினேன், அப்பாவுக்குச் சாயா கொடுத்தால் அவரும் ஷுகுரிய்யா என்பார்.

சாராயமும் பன்றி இறைச்சியும் கொண்டு போகவே கூடாது என்று சார் சொன்னார். மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று போட்டு வைத்த பன்றி ஊறுகாயைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பேறுகாலத்தில் உனக்குக் கொடுக்க வாங்கிய தசமூலாரிஷ்டத்தை அவரிடம் காட்டினேன், குப்பியைத் தூக்கிப் பார்த்து ஒரே சிரிப்பு, "செல்லக்கனி, நீ பேறு பாக்கப் போறியா, சாராயம் கடத்தப் போறியா, இது புளிச்சு நொதிச்ச மருந்துல்லா" என்று. அதையும் எடுத்தேன். வேதப் புத்தகம் சின்னது ஒன்று உனக்கென்று வைத்துக்கொள், ஆனால் சத்தமாகப் பாடாதே, அங்கே வெளியில் ஆராதனை கிடையாது என்றார். நான் கூட்டத்துக்கா பாடப் போகிறேன், பிள்ளையின் காதுக்குள் பாடினால் போதாதா என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் பெட்டியில் மிஞ்சியது பிள்ளை பெற்ற உடம்பு தேற நான் இடித்துக் கிண்டிய காயமருந்தும், பிள்ளையைப் பொதிய துவைத்துத் துவைத்துப் பஞ்சாக்கிய அப்பாவின் பழைய வேட்டிகளும்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். அங்கே விடுமுறை ஆயிற்றே, சாவகாசமாகப் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அடுக்களையிலிருந்து சிரித்துக்கொண்டே ஓடினேன். பிள்ளைக்குத் துடிப்பு நின்றுவிட்டது, எடுத்துவிட்டார்கள், பெண்பிள்ளை என்றார். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். "மாமி, அவ யாரையும் பாக்கமாட்டேன்னு சொல்லுதா, இப்ப நீங்க வராண்டாம்" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது, நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை, நீயும் அவர்மேல் கோபப்படாதே. குழந்தையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். போன் கட்டாகிவிட்டது. பிறகு அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி எதற்குப் போக, பேறு பார்க்கப் பிள்ளையா இருக்கிறது என்று பக்கத்து வீடுகளில் சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பிள்ளை போனால் நீ பெற்றவள் இல்லை என்று ஆகிவிடுமா? உன் இடுப்பும் வயிறும் பெற்றவளின் உடம்புதானே. பெமிலா மக்களே, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, பிள்ளை இல்லாவிட்டாலும் மூன்றாம் நாள் நான்காம் நாள் பால் சுரந்துவிடும். உடம்புக்குத் தெரியாது. உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நேற்று மாப்பிள்ளையிடம் போனில் சொல்ல வாயெடுத்தேன், மருமகனிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது, கூச்சப்பட்டு வைத்துவிட்டேன். இங்கே என்றால் தோவாளையிலிருந்து மல்லிகை வாங்கி உன் மார்பில் வைத்துக் கட்டிவிடுவேன், பால் வற்றிவிடும் என்று நம் பெண்கள் செய்வதுதான். ஜினியிடம் ஒரு பொதி கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், பூவும் செடியும் ஏர்போர்ட்டில் பிடித்துக்கொள்வார்கள் என்று அவள் பயப்படுகிறாள். பிடிக்காவிட்டாலும் படகில் வந்து சேருவதற்குள் வாடித்தான் போகும். இந்தக் கடிதமும் அப்படித்தான், இது வருவதற்குள் நீ எல்லாவற்றையும் தனியாகப் பட்டு முடித்திருப்பாய். இன்னும் பால் கட்டிக்கொண்டு வலித்தாலோ காய்ச்சல் கண்டாலோ கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டு. அப்பாவின் வேட்டியில் இரண்டு ஜினியிடம் கொடுத்திருக்கிறேன், துணிக்குத் தடை இல்லை, இடுப்பில் சுற்றிக்கொள்.

பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. கஞ்சியாவது குடி. யாரோடும் பேசவேண்டாம், சாப்பிட்டால் போதும். வேறு புத்திமதி எனக்கு ஒன்றும் வரவில்லை. இன்றைக்குக் கோயிலில் உனக்காக ஜெபித்தார்கள், எல்லோரும் ஆமென் சொன்னார்கள், எனக்கு வாய் திறக்கவில்லை. கர்த்தர் என்னை மன்னிப்பார், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். அப்பா உன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாக எழுதச் சொன்னார்.

எனக்கு எடுத்த டிக்கெட்டை இன்னும் திருப்பவில்லை. வா என்று நீ சொல்வாய் என்ற நம்பிக்கையில் அல்ல, அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. மறக்காமல் ஒன்று மட்டும் செய். வரவேண்டாம் என்று நீ சொன்னதை நான் மாப்பிள்ளையின் வாயால்தான் கேட்டேன், உன் குரலைக் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை போனை எடுத்து, வராதே அம்மா என்று நீயே சொல். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

முத்தங்களோடு,
உன் அம்மா
செல்லக்கனி செல்வதாஸ்