பாயாசத்துக்கு முன் எழுந்தவர்

இன்று காலை மேலங்கிப் பைக்குள் கைவிட்டேன். அந்த நீலப் பிளாஸ்டிக் உறை வந்தது. நான் வழிகாட்டியாக இருக்கும் பழைய பிரபு வீட்டில், மரத்தரையில் கீறல் விழாமலிருக்க வருகிறவர்கள் சப்பாத்துக்கு மேல் போட்டுக்கொள்ளும் உறை. அதற்கு இன்னொரு பயன் உண்டென்று கண்டுபிடித்தவர் நீர்தான். ஒஸ்லோவில் கற்பூரம் கொளுத்தினால் சாமி வருமுன் கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறிவிடும். அதன் வாயை மூட இந்த உறை கச்சிதம்.

நீர் பஸ் ஓட்டுநர். தேவாரம் நன்றாகப் பாடினீர் என்பதற்காக, ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் பெரிய வீடு வாங்கிய கடை முதலாளி உம்மைத் தன் வீட்டுக்கென்று பிடித்து, கீழறையில் குடிவைத்தார். வெள்ளிக்கிழமைப் பூசை, மகளுக்குத் தேவாரம், அழைப்பிதழுக்குத் தமிழ், புதுக் காருக்குப் பனிக்குள் எலுமிச்சம்பழம், புருசன் பெண்சாதி சண்டைக்கு மத்தியஸ்தம், எல்லாம் உம் தலையில். கதிரையில் ஏறி உறை மாட்டுவது மட்டும் என் பங்கு.

ஒருநாள் எங்கள் பிரபு வீட்டில் குருவானவரின் அறையை உமக்குக் காட்டினேன். அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்கள் தங்களுக்கென்று ஒரு குருவானவரை வைத்திருந்தன. செபம் சொல்வார், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார், கடிதம் எழுதுவார். எசமான் பிழைவிட்டால் அதை முகத்துக்கு நேரே சொல்வதும் அவர் கடமை. இங்கிலாந்துப் பக்கத்தில் சில வீடுகளில் இனிப்பு வருமுன் அவர் மேசையை விட்டு எழும்பிவிட வேண்டுமாம். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த நீர் அங்கேதான் திடுக்கிட்டீர்.

"பாயாசம் இல்லாமல் எழும்பிறதோ? அந்தாள் எப்பிடி ஐசே அங்கை இருந்தவர்?"

பிறகுதான் முதலாளியின் மகள், சென்னையிலிருந்து வேலைக்கு வந்த கணினிக்காரப் பையனை விரும்பினாள். மறுத்த பழி தனக்கு வேண்டாம் என்று முதலாளி சாதகங்களை உம்மிடம் தந்தார். பொருந்தவில்லை என்று ஒரு சொல், அது போதும். சொல்லாவிட்டால் கீழறை இல்லை என்பதையும் நாசூக்காகத் தெரிவித்தார். மூன்று நாள் நீர் அதே யோசனை. ஒரு தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கவே மறந்தீராம். சாதகங்கள் நன்றாகப் பொருந்தியிருந்ததுதான் தொல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் கதிரையை இழுக்க, நீர் என் கையைப் பிடித்தீர்.

"இண்டைக்கு மூடாதையும்."

கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, பூசைக்கு வந்திருந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்: "ரெண்டு சாதகமும் பார்த்தனான். நல்ல பொருத்தம். பிள்ளையின்ரை விருப்பமும் அதுதான்."

முதலாளி வாயைத் திறந்தார். கருவி முந்திக்கொண்டது. அவர் கதிரையில் ஏறித் துவாயை வீசியபடி என்னென்னவோ கத்தினார். ஒரு சொல்லும் ஒருவருக்கும் கேட்கவில்லை. சத்தம் அடங்குவதற்குள் தாய்க்காரி மகளுக்குத் திருநீறு பூசி வாயில் சீனி போட்டுவிட்டார். சொந்தக்காரர் கைகொடுத்து முடித்துவிட்டார்கள். பந்தியில் முதலாளி உம் காதில் குனிந்து ஏதோ சொன்னார். நீர் எழுந்து கீழே போய்ப் பெட்டியை எடுத்தீர். பாயாச வாளி அப்போதுதான் குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

புருசெத்தில் என் வீட்டுச் சோபாவில் இரண்டு மாதம் படுத்தீர். அறை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சவ்வரிசி, ஐசே. வாசம் மட்டும் வந்தது" என்பதுதான் தினமும் புலம்பல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. உம் இடத்தில் நானென்றால் பொருந்தவில்லை என்றே சொல்லியிருப்பேன்.

நேற்று உம் ஆண்டுத் திவசம். பியோர்ண்டாலில் அந்தப் பிள்ளையின் வீட்டில்தான் படைத்தோம். முதலாளியும் வந்திருந்தார். நான் கதிரையை இழுக்க, "மாமா, மூடாதேங்கோ" என்றாள் அவள். கற்பூரம் எரிந்தது, கருவி அலறியது. முதலாளி தானே கதிரையில் ஏறித் துவாயை வீசினார். அந்தச் சத்தத்தில் நான் அழுததை யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் உறை இன்னும் என் பையில் கிடக்கிறது. சோறு படைக்கும் முன்பே அவள் உம் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சவ்வரிசிப் பாயாசம் வைத்தாள், ஐசே. அவசரமில்லை, ஆறுதலாக இருந்து குடியும்.